மருந்துக் கிடங்கின் பாஸ்புக்

1991-இல் ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியில் சேர்ந்தேன். அன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்ட மருந்தறையில் ஆயிரம் மாத்திரைகள் கொண்ட டப்பாக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. டப்பாவைத் திறந்து, மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணி, காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சன்னல் வழியே கொடுப்போம். மழைக்காலத்தில் டப்பாவின் அடியில் கிடக்கும் மாத்திரைகள் ஈரம் ஏறி உதிர்ந்து மாவாகிவிடும். நிதியாண்டின் கடைசி மாதங்களில் பல டப்பாக்கள் காலியாகிவிடுவதால், “சப்ளை இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளவும்” என்று சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பதே எங்கள் வேலையில் பெரும்பகுதியாக இருந்தது. சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் எட்டு மைல் தொலைவிலிருந்து வரும் ஒரு பாட்டி, அப்படி எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, எதிரே இருந்த மருந்துக் கடையின் பக்கம் திரும்பாமல் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போவதைச் சன்னலுக்குப் பின்னால் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் மாத்திரை வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றுவிட்டேன். நாட்டின் மருத்துவத் துறையில் அரசு முதலீடு, தனியார் முதலீடு என்று பேச்சு எழும்போதெல்லாம் அது கட்டடங்களைப் பற்றியும் படுக்கைகளின் எண்ணிக்கையைப் பற்றியுமான பேச்சாகவே முடிந்துவிடுகிறது. அரசே எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்று ஒரு தரப்பும், அரசால் எதையும் உருப்படியாக நடத்த முடியாது என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. என் அனுபவம் இந்த இரண்டு இடங்களிலும் என்னை நிறுத்தவில்லை. அரசு தன் பணத்தை வைத்து எதை வாங்குகிறது, எப்படி வாங்குகிறது, வாங்கியதைச் சோதித்துப் பார்க்கிறதா என்பதில்தான் ஒரு நாட்டின் மருத்துவக் கட்டமைப்பு நிற்கவோ சரியவோ செய்கிறது என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது ஒரு பாஸ்புக்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஒரு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, 1995 தொடக்கத்தில் மருந்து விநியோகத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் தேவைப்படும் இன்றியமையாத மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவது, மாவட்டங்களில் கிடங்குகளை அமைத்து அங்கிருந்து மருத்துவமனைகளுக்கு வழங்குவது என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கி, அந்தத் தொகையை எழுதிய பாஸ்புக் ஒன்றைக் கொடுத்தார்கள். கிடங்குக்கு அதை எடுத்துச் சென்று எங்களுக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த மருந்தின் மதிப்பு வங்கிக் கணக்கில் கழிப்பதைப் போலக் கழிக்கப்பட்டு, மீதி எவ்வளவு என்று எழுதி முத்திரையிட்டுத் தருவார்கள். மேலிருந்து எதையோ அனுப்ப, அதை வைத்துச் சமாளிக்கும் வழக்கம் போய், எங்கள் ஊரில் என்ன நோய் அதிகம், எந்த மருந்து எவ்வளவு ஓடும் என்று நாங்களே கணக்குப் பார்த்து எடுக்கும் பொறுப்பு முதல் முறையாக எங்கள் கைக்கு வந்தது. அந்தச் சிறிய புத்தகத்தை என் சொந்தச் சேமிப்புப் புத்தகத்தைவிடப் பத்திரமாக வைத்திருந்தேன்.

மாத்திரைகள் அலுமினியத் தாள் பட்டைகளில், கழகத்தின் முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற வரியும் அச்சிடப்பட்டு வரத் தொடங்கின. இது அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முத்திரை இருக்கும் பட்டை தனியார் கடையில் அகப்பட்டால் அது திருட்டுப் பொருள் என்று உடனே தெரிந்துவிடும். பட்டையில் இருக்கும் மாத்திரை மழையில் உதிராது. தொகுப்பு எண் ஒவ்வொரு பட்டையிலும் இருப்பதால் எந்தத் தொகுப்பில் குறை என்றாலும் அதை மட்டும் திரும்பப் பெறலாம். வந்திறங்கும் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தரம் சரி என்று அறிக்கை வந்த பிறகே மருத்துவமனைகளுக்கு விநியோகித்தார்கள். இங்கே நான் சொல்ல வருவது ஒன்று உண்டு. மருந்தைத் தயாரித்தவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். ஆய்வகங்களிலும் பல தனியாருடையவை. அரசு செய்தது வாங்குவதையும் சோதிப்பதையும் சேமிப்பதையும் ஒழுங்காகச் செய்ததுதான். அந்த ஒழுங்கினால் விலை குறைந்தது, மருந்து கிடைத்தது, அந்தப் பாட்டியின் முந்தானையில் சீட்டுக்குப் பதிலாக மாத்திரைப் பட்டை முடியப்பட்டது. பிற்காலத்தில் கேரளமும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை அமைத்துக்கொண்டன.

இந்தியா முழுமைக்குமான ஒரு மருத்துவக் கட்டமைப்பைப் பற்றிய சிந்தனை விடுதலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஐ.சி.எஸ். அதிகாரியான ஜோசப் போர் என்பவரின் தலைமையில் 1943-இல் அமைக்கப்பட்ட குழு, 1946-இல் அறிக்கை அளித்தது. பணம் செலுத்த முடியாத காரணத்தால் எவருக்கும் போதிய மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பதை அது அடிப்படைக் கொள்கையாக வைத்தது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை வாழும் பகுதிக்கு 75 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை என்பது அதன் நீண்டகாலத் திட்டம். இன்றைக்குக்கூடப் பல வட்டத் தலைநகரங்களில் இல்லாத வசதியை அது சிற்றூர்க் கூட்டங்களுக்குக் கனவு கண்டது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் திறக்கப்பட்டன என்றாலும், அந்தக் கனவுக்கு வேண்டிய பணம் ஒருபோதும் ஒதுக்கப்படவில்லை. அரசு விட்ட இடைவெளியில் தனியார் மருத்துவம் தானாக வளர்ந்தது. முதலில் ஒற்றை மருத்துவரின் கிளினிக்குகளாக, பிறகு நர்சிங் ஹோம்களாக, 1983-இல் சென்னையில் அப்போலோ திறக்கப்பட்ட பிறகு பெருநிறுவன மருத்துவமனைகளாக.

தனியார் முதலீடு என்று நாம் சொல்வதற்குள் எவ்வளவு பொதுப்பணம் கரைந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1988-இல் ஒன்றிய அரசு, மருத்துவமனைகள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கருவிகளுக்குச் சுங்கவரி விலக்கு அளித்தது. அதற்கு ஈடாக, புறநோயாளிகளில் குறைந்தது 40 விழுக்காட்டினருக்கு இலவச மருத்துவம் அளிக்க வேண்டும், மாதம் 500 ரூபாய்க்கும் குறைவான வருமானம் உள்ள குடும்பத்தினரை உள்நோயாளிகளாக இலவசமாகச் சேர்த்துக்கொள்ளப் பத்தில் ஒரு பங்கு படுக்கைகளை ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கருவிகள் வந்து இறங்கின. நிபந்தனை பல இடங்களில் காகிதத்தோடு நின்றது. அந்தக் கடமை கருவி வந்த நாளோடு முடிவதில்லை, தொடர்ந்து நிறைவேற்றப்பட வேண்டியது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு 15 ஏக்கர் நிலம் மாதம் ஒரு ரூபாய் வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு படுக்கைகள் ஏழைகளுக்கு இலவசம் என்பது ஒப்பந்தம். அது நடைமுறைக்கு வர வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது, 2009-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. வரியை விட்டுக்கொடுப்பதும் நிலத்தை விட்டுக்கொடுப்பதும் முதலீடுதான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையோடு அரசு திரும்பி நடந்துவிட்டது. எங்கள் மருந்தறையில் ஒரு தொகுப்பைக்கூட சோதிக்காமல் ஏற்காத அதே நாட்டில், கோடிக்கணக்கான மதிப்புள்ள நிலத்துக்கும் வரிக்கும் ஈடாக வர வேண்டிய இலவசப் படுக்கைகளை எண்ணிப் பார்க்க ஆளில்லாமல் போனதை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஆந்திரத்தில் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ என்ற இதே போன்ற திட்டம் தொடங்கிவிட்டது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்று நாடு முழுவதற்கும் விரிந்தது. மருத்துவமனையை அரசே கட்டுவதற்குப் பதிலாக, திட்டத்தில் இணைக்கப்பட்ட எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் அதற்கான பணத்தை அரசு தரும் என்ற இந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. இதய அறுவை சிகிச்சையும் டயாலிசிஸும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டியது இந்தத் திட்டங்களால்தான். அரசு மருத்துவமனைகளும் இதில் சேர்க்கப்பட்டு, அவை செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அந்தப் பணத்தில் கருவிகள் வாங்கப்பட்டதையும் பழுது பார்க்கப்பட்டதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 2014-இல் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். என் அண்ணன் தையல்காரர். ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது. இதய இரத்தக் குழாய் அடைப்பைக் கண்டறிந்து நீக்கும் கேத் லேப், எங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் அன்று கிடையாது. காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அண்டை மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம்; அதன் பெயர் இங்கே வேண்டாம். முன் அனுமதி கிடைத்துவிட்டது என்று சொன்ன அதே மேசையில் இன்னொரு தாளை நீட்டினார்கள். அனுமதிக்கு முன் செய்த சோதனைகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து வைக்கப் பொருத்தும் ஸ்டென்டில், திட்டத்தில் வருவது சாதாரண ஸ்டென்ட், மருந்து பூசிய ஸ்டென்ட் வேண்டுமென்றால் மேற்கொண்டு 60,000 ரூபாய். எது அவசியம் என்று கேட்டதற்கு, “நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்” என்றார் அங்கிருந்த இளைஞர். அண்ணி என் முகத்தைப் பார்த்தார், மருந்துத் துறையில் இருப்பவளுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடு. இரண்டு ஸ்டென்ட்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புத்தக அறிவு இருந்தது. அந்தப் பொருளின் உண்மையான விலை என்ன என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கட்டினேன். அண்ணன் நலமாக இருக்கிறார், இன்னும் தைக்கிறார்.

மூன்றாண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரியில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்களுக்கு உச்சவரம்பு விதித்தது. சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதுவரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்கப்பட்டு வந்தது. செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வளையலுக்காக அல்ல, புதிதாக ஒரு மருத்துவமனையைக் கட்டாமல், ஓர் ஆணையைப் பிறப்பித்ததன் மூலமே அரசால் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், இத்தனை காலம் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்காக. விலை ஒழுங்குமுறை தனியார் முதலீட்டை விரட்டிவிடும் என்ற அச்சத்தை அப்போது பலர் எழுப்பினார்கள். உச்சவரம்பு வந்த பிறகும் ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை நாடெங்கும் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தனியார் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைப்பதும் தவறு. மதுரையில் 1976-இல் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுவோரிடம் பெற்ற வருவாயைக் கொண்டு கட்ட இயலாதவர்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சையைச் செய்து வளர்ந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் ஆயிரக்கணக்கான ரூபாய் விலையில் இறக்குமதியாகிக்கொண்டிருந்த காலத்தில், 1992-இல் ஆரோலேப் என்ற ஆலையை அமைத்து, சில நூறு ரூபாய்க்கு அதைத் தயாரித்துக் காட்டியது. அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் இது போன்ற தொண்டு மருத்துவமனைகளுக்கு ஓர் அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையை அளிக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையில் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையமும் இதே வரிசையில் வருபவை. அரசுக்கு வெளியே திரண்ட பணம் பொது நலனுக்கு எப்படிப் பயன்படலாம் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்றுகளை நான் அறியேன்.

108 ஆம்புலன்ஸையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் ஓடும் இந்தச் சேவைக்கு அரசு பணம் தருகிறது, ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது, நோயாளியிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கப்படுவதில்லை. பிரசவ வலியில் இருந்த பெண்களை நள்ளிரவில் கொண்டுவந்து இறக்கிய அந்த ஓட்டுநர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். உயிரைக் காக்கும் வேலையைச் செய்துவிட்டு, தங்கள் வேலை நேரத்துக்காகவும் ஊதியத்துக்காகவும் அவர்கள் போராட்டம் அறிவிக்கும் நிலை, ஒப்பந்தத்தை எழுதும்போது நடத்துபவரின் செலவை மட்டும் கணக்கிட்டு, உழைப்பவரின் வாழ்க்கையைக் கணக்கிடாததால் வருகிறது.

கட்டமைப்புக்கு ஆள் வேண்டும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஒன்றிய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டன. இதற்குக் குறையாத முக்கியத்துவம் உடையது, மருத்துவ மேற்படிப்பு இடங்களில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு இடஒதுக்கீடு வழங்கும் ஏற்பாடு. கிராமத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினால் சிறப்பு மருத்துவராகலாம் என்ற வழி இருப்பதால்தான், எங்கள் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு இளம் மருத்துவர்கள் வந்தார்கள், பிறகு மகப்பேறு மருத்துவராகவும் மயக்க மருந்து நிபுணராகவும் திரும்பி வந்தார்கள். மூன்று செவிலியர்களை அமர்த்தி ஆரம்ப சுகாதார நிலையங்களை இரவும் பகலும் திறந்து வைத்ததும், நிகழ்ந்த ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் விசாரித்து எழுதியதும் இதனோடு சேர்ந்தன. 2018-20 காலத்துக்கான கணக்கெடுப்பில், உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு நாட்டின் சராசரியாக 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்தது. 54 என்பதும் பெருமைப்பட்டு அமர்ந்துவிடத் தக்க எண் அல்ல. பக்கத்தில் கேரளத்தில் அது 19.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மருத்துவத்துக்காக நாட்டில் ஆகும் மொத்தச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அரசுகளின் செலவு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 1.15 விழுக்காட்டிலிருந்து 1.84 ஆக உயர்ந்திருக்கிறது. 2025-க்குள் இதை 2.5 ஆக்குவோம் என்று 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்திருந்தது. முன்னேற்றம் உண்மையானது என்று நான் ஏற்கிறேன். இருந்தும், கையிலிருந்து செலவாகும் பணத்தின் பெரும் பங்கு எங்கே போகிறது என்று பார்த்தால், அது மருந்துக் கடைக்கும் வெளிநோயாளியாகச் செய்யும் சோதனைகளுக்கும் போகிறது. காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் படுத்தால்தான் வேலை செய்யும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இருபது ஆண்டுகள் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அது பயன்படாது. அந்த மாத்திரை தடைபட்டுச் சிறுநீரகம் பழுதானால், டயாலிசிஸுக்கு அதே அட்டை பயன்படும். தடுப்பதற்குச் சில நூறு ரூபாயை மறுத்து, முற்றிய பிறகு லட்சங்களைத் தரும் ஏற்பாட்டில் தனியார் மருத்துவமனைக்கு வருவாய் உண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் வணிகம் உண்டு. நோயாளிக்கும் அரசின் கருவூலத்துக்கும் இழப்பு மட்டுமே. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றபோது, என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. காப்பீட்டுக்காக ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயோடும் இதற்கான ரூபாயும் கூடவே ஏற வேண்டும் என்பதே நான் இந்த அரசிடமும் இனி வரும் அரசுகளிடமும் கேட்பது. சிகிச்சைகளுக்கு அரசு நிர்ணயித்த தொகை எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் தன் வரவேற்பு மேசைக்கு மேலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பதையும் கேட்கிறேன். அந்தப் பலகை 2014-இல் இருந்திருந்தால் எங்களிடம் இரண்டாவது தாள் நீட்டப்பட்டிருக்காது.

நான் இருந்த இடத்துக்கு வந்திருக்கும் இளம் மருந்தாளுநர் சென்ற மாதம் கைபேசியில் அழைத்தார். இப்போது பாஸ்புக் எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை மேசையிலிருந்தே பார்த்துவிடலாம். ஒரு மருந்து கிடங்கிலேயே இல்லை, நோயாளிகள் காத்திருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார். மருந்துக்கான ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள வைத்திருப்பது இதற்காகத்தான், தலைமை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள் என்றேன். “அந்தத் தலைப்பில் இன்னும் பணம் இருக்கிறது அம்மா, பார்த்துவிட்டேன்” என்றார். மாலையில் மருந்து வந்துவிட்டது என்று செய்தி அனுப்பினார். சன்னலில் கடைசியாக நின்றவர் வரை கொடுத்து முடிக்க ஆறரை மணி ஆயிற்றாம்.